ஒரு ஸ்பூன் ஆளி எண்ணெய் உள்ளே போய் என்ன செய்கிறது?

சென்னையின் மேற்குப் புறத்தில், அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து ஆவடி வரைக்கும் சி.டி.எச். சாலையிலும், இந்தப் பக்கம் பூந்தமல்லி, குமணன்சாவடி சுற்றுவட்டாரத்திலும் மரச்செக்கு எண்ணெய்க் கடைகள் பெருகிவிட்டன. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் வரிசைக்குப் பக்கத்தில் சின்னப் பாட்டிலில் ஆளி விதை எண்ணெயும் நிற்கிறது. அதை வாங்குகிறவர்களில் பலர் சமையலுக்கு வாங்குவதில்லை. முடி கொட்டுவது நிற்க வேண்டும், வறண்டு வெடித்த தோல் சரியாக வேண்டும் என்று தினமும் ஒரு ஸ்பூன் குடிக்க வாங்குகிறார்கள். காசு கொடுத்து வாங்கி நம்பிக்கையோடு குடிக்கிற பொருள், உள்ளே போய் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லதுதானே? அந்த ஒரு ஸ்பூனின் பின்னாலேயே நடந்து பார்ப்போம்.

உடம்பைக் கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டாக நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே சரக்கு இறங்கும் வாசல் இருக்கும், அரைக்கும் இடம் இருக்கும், வாளி தூக்கிப் பரிமாறும் ஆட்கள் இருப்பார்கள், யார் முதல் பந்தியில் உட்கார வேண்டும் என்ற வரிசையும் இருக்கும். அந்த நாலும் உடம்பிலும் இருக்கின்றன.

முதலில் சரக்கு. ஆளி நம் பக்கத்துப் பயிர் அல்ல. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், உத்தரப் பிரதேசம், மகாராஷ்டிரம் பக்கம் குளிர்காலத்தில் விளைவது. எள்ளைவிடச் சற்றுப் பெரியதாக, தட்டையாக, பழுப்பு நிறத்தில் பளபளவென்று இருக்கும். எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் எண்ணெய். மீதியில் நார்ச்சத்தும் புரதமும் அதிகம். தோலில் ஒரு பசை உண்டு. தண்ணீரில் போட்டால் சப்ஜா விதை மாதிரி வழவழப்பாகிவிடும். தோல் கெட்டியானது என்பதால் விதையை உடைக்காமல் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. செக்கில் ஆட்டும்போது அந்த எண்ணெய் வெளியே வருகிறது; பசையும் நாரும் பிண்ணாக்கோடு போய்விடுகின்றன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது எண்ணெய்க்குள் போவோம். எல்லா எண்ணெயும் கொழுப்பு அமிலம் என்ற நீளமான சங்கிலிகளால் ஆனது. ஆளி எண்ணெயில் பாதிக்கு மேல் ஒரே வகைச் சங்கிலி: ஆல்ஃபா லினோலெனிக் அமிலம். ஒமேகா-3 குடும்பத்தைச் சேர்ந்தது. இதில் 18 கார்பன் அணுக்கள் வரிசையாகக் கைகோத்து நிற்கின்றன, மூன்று இடங்களில் சங்கிலி வளைகிறது. நேரான கரண்டிகளை ஒரு டிராயரில் நெருக்கி அடுக்கிவிடலாம். மூன்று இடத்தில் வளைந்த கரண்டிகள் அப்படி அடுக்குப்படாது. தேங்காய் எண்ணெயில் இருப்பவை பெரும்பாலும் நேர்ச் சங்கிலிகள், அதனால்தான் மார்கழியில் பாட்டிலோடு உறைந்துபோகிறது. ஆளி எண்ணெய் ஃப்ரிட்ஜில் வைத்தாலும் உறையாது. உடம்பு இந்த வளைந்த சங்கிலியைத் தானாகச் செய்துகொள்ளாது. சாப்பாட்டில் வந்தால்தான் உண்டு.

இந்த வளைவுகளுக்கு இன்னொரு குணமும் இருக்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் வந்து பிடிக்கிற இடம் அதுதான். மூன்று வளைவு என்பதால் நல்லெண்ணெயைவிட, கடலை எண்ணெயைவிட இது மிகச் சீக்கிரம் கெடும். ஆக்சிஜன் பிடித்த சங்கிலிகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொண்டு, கடைசியில் தோல் போலக் கெட்டிப்படும். இந்தக் குணத்துக்காகத்தான் பெயிண்டிலும் புட்டியிலும் மர வேலையிலும் காலங்காலமாக இதைச் சேர்த்திருக்கிறார்கள். வார்ப்படத் தொழிலில் அச்சுக்குள் வைக்கும் மணல் கோர்களைக் கெட்டிப்படுத்திய கோர் ஆயிலுக்கும் இதுவே மூலப்பொருளாக இருந்திருக்கிறது. ஆகவே தொழிற்பேட்டை உள்ள ஊரில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஹார்டுவேர் கடையில் ‘லின்சீட் ஆயில்’, ‘டபுள் பாயில்ட்’ என்று டின்னில் கிடைப்பதும் இதே விதையின் எண்ணெய்தான், ஆனால் சீக்கிரம் காய்வதற்காக அதில் பெரும்பாலும் உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள். விலை குறைவு என்று அதை வாங்கி ஒரு சொட்டுகூட வாயில் விடக் கூடாது. சாப்பிடுகிற எண்ணெய் என்றால் பாட்டிலில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிமத்தின் 14 இலக்க எண் இருக்க வேண்டும்.

அடுத்து, வீட்டில் வைக்கும் விதம். பாதிப் பேர் பணத்தை வீணாக்குவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். மே மாதத்தில் ஆவடியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். மொட்டை மாடிக்குக் கீழ் உள்ள சமையலறையில், அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில், கண்ணாடிப் பாட்டிலில் இந்த எண்ணெயை வைத்தால் வெளிச்சம், சூடு, காற்று மூன்றும் சேர்ந்து அந்த வளைவுகளைத் தின்றுவிடும். நீங்கள் காசு கொடுத்து வாங்கியதே அந்த வளைவுகளைத்தான். ஆகவே எப்போது ஆட்டியது என்று கேட்டு வாங்குங்கள். 100 அல்லது 200 மில்லிக்கு மேல் வேண்டாம். கறுப்பு அல்லது அடர் பழுப்புப் பாட்டிலாக இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜில் வையுங்கள், திறந்த பிறகு ஒரு மாதம், மிஞ்சினால் ஒன்றரை மாதத்தில் முடித்துவிடுங்கள். புதிய எண்ணெயில் வறுத்த பருப்பு போன்ற வாசனையும் லேசான கசப்பும் இருக்கும். பெயிண்ட் வாசனையோ பழைய மீன் வாசனையோ அடித்தால் அது முடிந்த எண்ணெய். கெட்ட எண்ணெயைக் குடிப்பதைவிடக் குடிக்காமல் இருப்பதே தோலுக்கு நல்லது.

தாளிக்கவும் கூடாது. இந்த எண்ணெய் 107 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே புகைய ஆரம்பித்துவிடும். வடை, பஜ்ஜி பொரிக்கிற சூடு 180 டிகிரிக்குப் பக்கம். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பருப்புப்பொடி சாதத்தின் மேல், கூழில், மோரில் கலந்து சாப்பிடலாம்.

சரி, சாப்பிட்டாயிற்று. எண்ணெய் இப்போது சரக்கு இறங்கும் வாசலுக்கு வந்துவிட்டது, அதாவது சிறுகுடலுக்கு. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய அண்டாவில் வெறும் தண்ணீர் ஊற்றினால் பிசுக்கு மேலே மிதக்கும். சோப்பு போட்டுத் தேய்த்தால்தான் பொடிப்பொடியாகப் பிரியும். அந்தச் சோப்பு வேலையைப் பித்தநீர் செய்கிறது. பொடியாகப் பிரிந்த எண்ணெய்த் துளிகளைக் கணையத்திலிருந்து வரும் லைபேஸ் என்ற நொதி வெட்டுகிறது. வெட்டிய துண்டுகளைக் குடல் சுவர் உறிஞ்சி, மறுபடி ஒன்றுசேர்த்து, புரதம் பூசிய சின்ன உருண்டைகளாக்கி நிணநீர் வழியாக இரத்தத்துக்கு அனுப்புகிறது. பரிமாறும் ஆட்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பித்தநீர் நன்றாகச் சுரப்பது சாப்பாடு உள்ளே வரும்போதுதான். எனவே இதைச் சாப்பாட்டோடு எடுத்துக்கொள்வதே வயிற்றுக்கு இதம். வெறும் வயிற்றில் குடித்தால் கூடுதல் பலன் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. சிலருக்குக் குமட்டும், சிலருக்கு வயிறு போகும்.

இனி அரைக்கும் இடம். விளம்பரங்கள் சொல்லாமல் விடுவது இந்தக் கட்டத்தைத்தான். உள்ளே வந்த ஆல்ஃபா லினோலெனிக் அமிலத்தில் பெரும் பங்கை உடம்பு விறகாக எரித்துவிடுகிறது. மிச்சத்தில் ஒரு பகுதி அப்படியே செல்களின் சுவரில் போய்ச் சேர்கிறது. இன்னொரு சின்னப் பகுதி கல்லீரலில் நீட்டி வளைக்கப்பட்டு ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற நீள ஒமேகா-3களாக மாறுகிறது. வீக்கத்தையும் எரிச்சலையும் தணிப்பதில் முக்கியப் பங்கு இவற்றுக்குத்தான். மாற்றும் வேலையைத் தொடங்கிவைப்பது ஒரே ஒரு நொதி. அதே நொதியிடம்தான் ஒமேகா-6 என்ற இன்னொரு கொழுப்புக் குடும்பமும் வரிசையில் நிற்கிறது.

கல்யாணச் சமையற்கட்டில் கிரைண்டர் ஒன்றுதான் இருக்கிறது. இட்லிக்கு அரிசி ஒரு மூட்டை, வடைக்கு உளுந்து ஒரு படி வந்திருக்கிறது என்றால் என்ன ஆகும்? மூட்டைதான் கிரைண்டரைப் பிடித்துக்கொள்ளும். சூரியகாந்தி எண்ணெயில் பொரித்த பலகாரம், கடையில் வாங்கிய மிக்சர், சிப்ஸ் என்று நாள் முழுக்க ஒமேகா-6 மூட்டை மூட்டையாக இறங்கும் வீட்டில், ஒரு ஸ்பூன் ஆளி எண்ணெய்க்குக் கிரைண்டரில் இடம் கிடைப்பது கஷ்டம். நல்ல நிலையிலேயே ஈ.பி.ஏ.வாக மாறுவது நூற்றில் ஐந்து முதல் பத்து வரைதான், டி.எச்.ஏ.வாக மாறுவது அதைவிடக் குறைவு. குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கு ஆண்களைவிடச் சற்று அதிகமாக மாறும். ஆகவே ஆளி எண்ணெயைச் சேர்க்கிறவர்கள் பொரித்த பண்டத்தையும் குறைத்தால்தான் கணக்கு சரிவரும். மீன் சாப்பிடும் குடும்பமென்றால் மத்தியும் கானாங்கெளுத்தியும் ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. இரண்டையும் அரைத்த மாவாகவே கொண்டுவந்து தருகின்றன. கிரைண்டர் வரிசையே வேண்டாம். வாரம் இரண்டு நாள் மத்திக் குழம்பு வைக்கிற வீட்டில் ஆளி எண்ணெய்ப் பாட்டில் அவசியமே இல்லை என்பது என் கருத்து. மீன் தொடாத வீடுகளுக்குத்தான் இந்த விதை உண்மையில் பெரிய துணை.

அடுத்த கட்டம் தோல். கொழுப்புக்கும் தோலுக்கும் உள்ள உறவை உலகத்துக்குக் காட்டியவர்கள் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் வேலை செய்த ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதியர். கொழுப்பே இல்லாத உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வால் செதில் செதிலாக உரிந்தது, தோல் வெடித்தது, மயிர் கொட்டியது, வளர்ச்சி நின்றது. குறிப்பிட்ட சில கொழுப்புகளைத் திரும்பக் கொடுத்ததும் தேறின. 1929இல் இதை வெளியிட்டார்கள். சில கொழுப்பு அமிலங்கள் வைட்டமின் போல உணவில் வந்தே தீர வேண்டியவை என்ற எண்ணம் அங்கிருந்துதான் வேரூன்றியது.

தோலின் மேல் அடுக்கை, செங்கல்லும் கலவையும் சேர்ந்த சுவர் என்று விளக்கியவர் பீட்டர் இலியாஸ் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர். காய்ந்து தட்டையான செல்கள் செங்கல். இடையில் பூசிய கொழுப்பு, கலவை. கலவை நன்றாக இருந்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாது, வெளியே இருக்கும் தூசியும் சோப்பும் உள்ளே போய் எரிச்சல் தராது. அந்தக் கலவையில் முக்கியமான பொருள் ஒன்றைச் செய்ய லினோலெயிக் அமிலம் வேண்டும், அது ஒமேகா-6. நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் அது தாராளமாக இருக்கிறது. ஆகவே சாதாரணமாகச் சாப்பிடும் நம் வீடுகளில் கலவைக்கான மூலப்பொருளுக்குப் பஞ்சமில்லை. ஆளி எண்ணெய் முக்கியமாகக் கொண்டுவருவது ஒமேகா-3. அது சுவருக்குள் எரிகிற எரிச்சலைத் தணித்து, சுவர் நன்றாகக் காய்ந்து இறுக இடம்கொடுக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2009இல் வெளியான ஓர் ஆய்வில், பெண்களைக் குழுக்களாகப் பிரித்து ஒரு குழுவுக்கு 12 வாரம் ஆளி எண்ணெய் கொடுத்தார்கள். நாளுக்கு ஏறக்குறைய இரண்டு கிராம் கொழுப்பு அமிலம், அதாவது அரை டீஸ்பூனுக்குப் பக்கம். ஆறாவது வாரத்தில் தோல் வழியாக வெளியேறும் ஈரம் சுமார் 10 சதவீதம் குறைந்திருந்தது. 12 வாரத்தில் இன்னும் குறைந்தது. சொரசொரப்பும் செதிலும் குறைந்தன. வேண்டுமென்றே எரிச்சலூட்டிய இடத்தில் சிவப்பும் குறைவாக இருந்தது. 2011இல் வெளியான இன்னொரு ஆய்வு 26 பெண்களை வைத்துச் செய்யப்பட்டது. ஆளி எண்ணெய்க் குழுவில் தோலின் கூச்சமும் வறட்சியும் குறைந்தன, குசும்பப்பூ எண்ணெய்க் குழுவில் அந்த அளவு இல்லை. இரண்டும் சின்ன ஆய்வுகள்தான். ஆனாலும் வறண்ட, சுலபமாகச் சிவக்கிற தோல் உள்ளவர் மூன்று மாதம் முயன்று பார்ப்பதில் நியாயம் இருக்கிறது என்பதற்கு அவை போதும். தோலின் மேலடுக்கு முழுதாகப் புதுப்பிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். ஆகவே பத்து நாளில் முகம் மினுங்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முகப்பரு, கரும்புள்ளி, நிறம் கூடுதல் இவற்றுக்கெல்லாம் இந்த ஆய்வுகளில் பதில் இல்லை.

இப்போது முடி. கல்யாணப் பந்தி வரிசையை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். முதல் பந்தி இதயம், மூளை, கல்லீரல், சிறுநீரகம். முடி உட்காருவது கடைசிப் பந்தியில். சாப்பாடு தட்டுப்பட்டால் முதலில் எழுப்பிவிடப்படுவதும் அதுதான், ஏனென்றால் முடி இல்லாமல் உயிர் வாழலாம்.

ஒவ்வொரு முடியும் ஒரு வேர்க்குழியில் இரண்டு முதல் ஆறு வருடம் வளர்கிறது, மாதம் சுமார் ஒரு சென்டிமீட்டர். பிறகு சில வாரம் வேலையை நிறுத்திவிட்டு, மூன்று மாதம் போலச் சும்மா இருந்து, உதிர்கிறது. அதே குழியில் புது முடி வருகிறது. இப்படி நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. டெங்கு, டைஃபாய்டு, பிரசவம், கடுமையான பட்டினி டயட் என்று உடம்பு ஒரு பெரிய அதிர்ச்சியைப் பார்த்தால், நிறைய முடிகள் ஒரே நேரத்தில் வேலையை நிறுத்திவிடுகின்றன. அவை உதிர்வது இரண்டு மூன்று மாதம் கழித்து. அதனால் காய்ச்சலுக்கும் முடி கொட்டுவதற்கும் சம்பந்தம் இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. சீப்பில் கொத்துக் கொத்தாக வரும்போதுதான் பயந்து எண்ணெய் வாங்குகிறோம். ஆனால் இந்த வகை உதிர்தல் ஆறு மாத வாக்கில் பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும். எண்ணெய் ஆரம்பித்த நேரமும் உடம்பு தேறும் நேரமும் ஒன்றாக வருவதால், முழுப் பெயரும் எண்ணெய்க்குப் போய்விடுகிறது. மனமார, உண்மையாகச் சொல்லப்படும் எத்தனையோ அனுபவக் கதைகளுக்குப் பின்னால் இந்தக் காலக்கணக்குதான் இருக்கிறது.

ஆளி எண்ணெய் மட்டும் குடித்து முடி வளர்ந்தது என்று காட்டும் நல்ல ஆய்வை நான் பார்த்ததில்லை. நெருங்கிய ஒன்று 2015இல் வந்தது. 120 பெண்கள், ஆறு மாதம். மீன் எண்ணெய், பிளாக்கரண்ட் என்ற சிறு பழத்தின் விதை எண்ணெய், சில வைட்டமின்கள் சேர்ந்த மாத்திரை. உதிர்வது குறைந்தது. ஆனால் அந்தக் கலவையில் ஆளி எண்ணெய் இல்லை. எந்தப் பொருளால் குறைந்தது என்று பிரித்துச் சொல்லவும் முடியாது. ஒமேகா-3 தலைத்தோலின் எரிச்சலைக் குறைத்து மறைமுகமாக உதவலாம் என்ற அளவில்தான் நான் நம்புகிறேன்.

அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது இரும்புச்சத்து. 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை. காலை ஐந்து மணிக்கு எழுந்து சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, தானும் ஓடிப்போய் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிற ஒரு பெண்ணுக்கு முடி கொட்டினால், விலை கூடிய எண்ணெயைவிட ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டு பரிசோதனைதான் முதலில் வேண்டும். வட்டமாக வழுக்கை விழுந்தாலோ, வகிடு அகன்றுகொண்டே போனாலோ, தலைத்தோலில் புண் இருந்தாலோ தோல் மருத்துவரைப் பாருங்கள். போர்வெல் உப்புத் தண்ணீரைப் பற்றியும் இந்தப் பக்கம் எல்லாரும் சொல்வார்கள். கடினநீரின் உப்பு முடியின் மேல் படிந்து சொரசொரப்பாக்கும், சிக்கு பிடிக்க வைக்கும்; கடைசியாக நல்ல தண்ணீரில் ஒரு சொம்பு ஊற்றி அலசினால் அது குறையும். குடிக்கிற எண்ணெய் அதற்கு ஒன்றும் செய்யாது.

விதையைக் கொதிக்கவைத்து வழவழப்பை வடிகட்டி முடியில் தடவுகிறார்களே, அது வேறு வேலை. பருத்திச் சேலைக்குக் கஞ்சி போடுவது மாதிரி முடியின் மேல் ஒரு படலம். படியும், பளபளக்கும், குளித்தால் போய்விடும். செலவு குறைவு, தீங்கும் இல்லை. எண்ணெயையே தலையில் தடவினால் மட்டும் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு தலையணையில் கறை பிடிக்கும். கெட்டிப்படும் எண்ணெய் என்று முன்பே பார்த்தோம்.

அப்படியானால் வீட்டில் என்ன செய்யலாம்? எண்ணெயைவிட விதையைத்தான் நான் சிபாரிசு செய்வேன், இங்கத்திய வெயிலை நினைத்து. முழு விதையை விழுங்கினால் செரிக்காமல் அப்படியே வெளியேறிவிடும், ஆகவே பொடித்தாக வேண்டும். லேசாக வறுத்து, ஆறவிட்டு, மிளகாய், உளுந்து, பெருங்காயம், உப்போடு இட்லிப் பொடியாக அரைத்துவிடலாம். ஒரு வாரம் பத்து நாளுக்கு ஆகிற அளவு மட்டும் அரைத்து, இறுக மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஒரு மேசைக்கரண்டி விதைப்பொடியில் ஏறக்குறைய 1.6 கிராம் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் இருக்கிறது. அமெரிக்கப் பரிந்துரைப்படி பெண்களுக்கு நாளொன்றுக்குத் தேவை 1.1 கிராம், ஆண்களுக்கு 1.6 கிராம். நாளுக்கு ஒரு மேசைக்கரண்டி போதும் என்று தெரிகிறது. செக்கில் பிண்ணாக்கோடு போகிற நாரும் பசையும்கூட இதில் உங்களுக்கே கிடைக்கின்றன. தண்ணீர் மட்டும் தாராளமாகக் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பசை மலச்சிக்கலாக மாறிவிடும். எண்ணெய்தான் வசதி என்பவர்களுக்கு ஒரு டீஸ்பூனில் சுமார் இரண்டரை கிராம் வந்துவிடுகிறது. அதற்கு மேல் தேவையில்லை.

இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்தவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் மருத்துவரைக் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம். வேறு மாத்திரைகள் எதுவானாலும் விதைப்பொடிக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். பசை மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

பாட்டிலில் எண்ணெய் மிஞ்சி வாசனை மாறிவிட்டால் சாக்கடையில் ஊற்ற வேண்டாம். பிள்ளைகளின் கிரிக்கெட் பேட்டிலோ, பாலிஷ் போன கதவு நிலையிலோ துணியால் மெல்லியதாகத் தேய்த்துச் சில நாள் காயவிடுங்கள், மரத்துக்குக் காப்பாக இருக்கும். தேய்த்த துணியை மட்டும் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். இந்த எண்ணெய் காயும்போது வெளியிடுகிற சூடு சுருட்டிய துணிக்குள் அடைபட்டுத் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நன்றாக நனைத்து, வெளியே விரித்துக் காயப்போட்டு, பிறகு குப்பையில் போடுங்கள்.